பதினேழாவது சிடி

இருபது சிடி. அட்டைப்பெட்டியில் கருவாட்டு வாசம்.
பினாங்கு ஓட்டலில் பரோட்டா அடிக்கிற
கோரிப்பாளையம் காஜா மைதீன்
லீவுக்கு வந்தவர் தந்துவிட்டுப் போனார்.
"சீனப் படமா?" என்றேன்.
"சீனம்னு பொத்தாம்பொதுவாச் சொல்லாத. கான்டனீஸ்.
ரொம்பப் பழைய கதைப் புத்தகம், டிவிக்கு எடுத்தது.
அங்கன ராத்திரியானா கடையே நின்னு பாக்கும்."

செல்லூரில் எனக்கு முந்நூற்றுப் பத்து இணைப்பு.
பத்து மணிக்கு மேல் போட ஒன்றுமில்லை.
போட்டேன்.

கீழே எழுத்து ஓடவில்லை. ஒரு சொல் புரியவில்லை.
ஆனாலும் அந்த வெள்ளை முடிக்காரி
ஆற்றைத் தொட்டு உறைய வைத்தபோது
வைகையில் பொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த வருசம்
குலமங்கலம் ரோட்டில் ரெண்டு தறி நின்றது.
மேகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து
சாகப்போகிறவர்கள் பேரை எழுதும் குமாஸ்தாவுக்கு
மூன்றாம் நாளே வி.ஏ.ஓ. என்று பேர் வந்துவிட்டது.

"புரியாட்டி என்னங்க," என்றாள் கஸ்தூரி, சௌராஷ்டிர வீடு.
"நாங்க உள்ள பேசுறது எத்தனை தலைமுறையா
இந்தத் தெருவுக்குப் புரியல.
சண்டை போட்டா மட்டும் எல்லாருக்கும் வெளங்கிருது."

பதினாறு இப்படி முடிகிறது:
அவள் சீப்பைக் கரையில் வைக்கிறாள்.
தண்ணீரில் இறங்குகிறாள். இடுப்பு. தோள்.
முடி மட்டும் கொஞ்ச நேரம் மேலே.

பெட்டியில் பதினேழின் உறை இருந்தது.
உள்ளே சிடி இல்லை.

பதினெட்டைப் போட்டேன்.
எதிரி வீட்டு அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள்.
முடி கறுப்பு.
யாரும் ஆச்சரியப்படவில்லை.
எதிரி கிண்ணத்தை நீட்டுகிறான்.

போன் விடிய விடிய அடித்தது.

அந்த மாதம் வசூலுக்குப் போன வீட்டிலெல்லாம்
ஆளுக்கொரு பதினேழு வைத்திருந்தாய்ங்க.
"மறக்குற மருந்து குடுத்துட்டாய்ங்கப்பா" – தறிக்கார வீரணன்.
"அவ செத்துட்டா. இவ வேற.
ஒரே பொண்ணுக்கு ரெண்டு வேசம், காசு மிச்சம்ல" –
தத்தனேரி சுடுகாட்டுப் பாதையில் மாலை கட்டும் ஒச்சம்மா.
கஸ்தூரி சொன்னாள்: "கையப் பாருங்க.
பயந்த கை மாவை இப்பிடி மடக்காது.
தானாத்தான் வந்திருக்கா."
எஸ்.ஐ. வீட்டில் எழுபத்தைந்து ரூபாயை
கண்ணில் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனார்கள்.
பதினேழைப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று.
கல்யாணமான ரெண்டாம் வருசம்
தேன்மொழி சோழவந்தானுக்குப் போனாள், நாலு மாசம்.
ஒருநாள் போஸ்ட் ஏறி ஒயர் கட்டிவிட்டு
வீட்டுக்கு வந்தால்
அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் தட்டை நீட்டினேன்.
சட்னி இருக்கா என்று கேட்டேன்.

பங்குனியில் தபால் வந்தது.
இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தந்தானாம்,
காஜா அண்ணன் சீன எழுத்துப் பேப்பரில் சுற்றி அனுப்பியிருந்தார்.
வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கீறல்,
நகத்தால் இழுத்தது போல்.

பத்து மணி. முந்நூற்றுப் பத்து வீடு.
பாட்டு ஓடியது, பேர்கள் ஓடின.
தண்ணீருக்குள் அவள் கண்ணைத் திறந்தாள்.
நின்றுவிட்டது.

கன்னம் சதுரம் சதுரமாய்ச் சிதறி
கண் மட்டும் முழுசாக.
பிளேயருக்குள் பல்லி மாதிரி சத்தம்.
எடுத்து, பனியனில் துடைத்து, மறுபடி போட்டேன்.
அதே கண்.

போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.
ஜன்னலைத் திறந்தால்
தெரு முழுக்க எல்லாச் சுவரிலும் அந்த நீலம்,
ஒருத்தர் வீட்டிலும் அணைக்கவில்லை.
கொடியில் கிடந்த சாயத் துண்டுகள்கூட நீலமாயிருந்தன.

பன்னிரண்டு நிமிசம்.
நிறுத்தப் போனேன், விரல் பொத்தானில்.

"இருக்கட்டும்"
என்றாள் தேன்மொழி, முதுகுக்குப் பின்னால்.
எப்போது வந்து நின்றாள்,
தெரியாது.