மஞ்சள் ஸ்பிரிங்

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே
மாடியில் ஓர் அறை.
கீழிருந்து ரப்பர் பசையின் வாடை ஏறிவரும்.
சன்னலில் திராக்டன் நகரத்து மழை,
எந்த அவசரமும் இல்லாமல்.

பதின்மூன்று மீட்டர் கழியின் உச்சியில்,
கால்வாய்க்கு நடுவானில்,
ஒரு கணம் முன்னதாகக் கைவிட்டவள் நான்.
மணல் என்று நம்பி விழுந்த இடத்தில்
கரையின் மரச்சட்டம் இருந்தது.
முதுகெலும்பின் நாலாம் கணுவுக்கும் ஐந்தாம் கணுவுக்கும் இடையில்
அது இன்னும் இருக்கிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்க
என் இடது காலுக்கு உறை கிடையாது.
குனிய முடியாது.
போட்டுவிடு என்று யாரிடமும் கேட்க வராது.

முதல் வாரமே சொன்னேன்:
இருப்பதிலேயே கனமானதை மாட்டு,
சிவப்பு மூன்று, நான் தாங்குவேன்.
ஹிஸ்கெ சிரிக்கவில்லை.
என்னைவிட ஒன்பது வயது இளையவள்,
காதில் ஒரு பென்சில்.
ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.
மஞ்சளை மட்டும் விட்டுவைத்தாள்:
ஒரு குழந்தை இழுத்துவிடும் மெலிசு.

கம்பியில் கை, பலகையில் முழங்கால்.
பின்னே தள்ளு,
ஓர் அங்குலம் போதும்.

பலகை
கயிறறுத்த கன்றாக ஓடியது.
அடிவயிறு எங்கே இருக்கிறது என்று
முப்பத்துநாலு வயதில் தேடினேன்.
தொடை நடுங்கியது, உதடு நடுங்கியது.
கனத்த ஸ்பிரிங் உன்னைப் பிடித்துக்கொள்ளும், என்றாள்.
இது பிடிக்காது.

பக்கத்துப் பலகையில் பால் லாரி ஓட்டும் டவுவெ,
இடுப்பில் புது உலோகம்,
ஏதோ முணுமுணுத்தபடி
வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல்
போய் வந்துகொண்டிருந்தார்.
போட்டி என்று அவருக்குத் தெரியாது.
அதிலும் தோற்றேன்.

மூச்சை விடு, என்றாள் ஹிஸ்கெ.
விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.
இல்லை. இழுக்கிறாய், வைத்துக்கொள்கிறாய்.
விலா எலும்புகளில் இரு கை வைத்தாள்.
ஏப்ரல் பாதிவரை
அந்தக் கைகளுக்குக் கீழே
எதுவும் இறங்கவில்லை.

பிறகொரு செவ்வாய்க்கிழமை,
கீழே யாரோ ஒரு டயரில் காற்றைத் திறந்துவிட
அந்த நீண்ட சீறலோடு
என்னிடமிருந்தும் போயிற்று:
போன ஆகஸ்டில், உச்சியில்,
பயந்து உள்ளிழுத்த அதே காற்று.
கையை விட்டுவிட்டேன் அன்று.
மூச்சை விடவில்லை.
டவுவெ முணுமுணுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்,
பிறகு நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார்.

ஜூனில் மறுபடி கால்வாய்.
மரப்பாலத்தில் ஓட்டம், கழி, ஏற்றம்,
கை மேல் கை, கால் பின்னிக் கால்,
கீழே தண்ணீர் பழுப்பாக, பொறுமையாக.
கழி நிமிர்ந்து
எந்தப் பக்கம் சாய்வதென்று யோசிக்கும் அந்த இடத்தில்
வெளியே விட்டேன், பல்லிடுக்கில் சத்தம் வர.
இன்னும் இரண்டு பிடி ஏற நேரம் இருந்தது.
எப்போதும் இருந்திருக்க வேண்டும்.

பதினாலு மீட்டர் இருபது.
பட்டியலில் ஒன்பதாவது பெயர்.
தலைமுடியெல்லாம் மணல்.

மறுநாள் ஹிஸ்கெ தூரத்தைக் கேட்கவில்லை.
ஸ்பிரிங் மாட்டிக்கொண்டே
காலுறையைக் கேட்டாள்.

நின்றுகொண்டே போட்டேன்.

இடதுமா?

இடதுதான் முதலில்.