பச்சரிசியா, புழுங்கலா?

மஹ்பூலா, நான்காம் மாடி.
ஐந்து மாதமாய்ச் சம்பளம் இல்லை.
சங்கத்திலிருந்து வந்த சிக்கந்தர்
படம் எடுக்கவில்லை.
"பச்சரிசியா, புழுங்கலா?" என்றார்.

என்ன வேண்டும் என்று
என்னிடம் யாரும் கேட்டு நாளாகியிருந்தது.
புழுங்கல் என்று சொல்லவே
நேரம் எடுத்தது.

"தூக்கம் வருதா, சவரி?"
வருது என்றேன்.
அவர் எழுந்திருக்கவில்லை.
ஏசி இரைந்துகொண்டிருந்தது.
பிறகு,
மொட்டைமாடிக்கு ஏறிப்போன
இரண்டு இரவுகளைச் சொன்னேன்.
ஐயோ என்று சொல்லாமல் கேட்டார்,
புத்தி சொல்லாமலும்.

அவர் கொண்டுவந்த சர்க்கரையில்
அவருக்கே டீ போட்டேன்.
இன்னும் அரை கிளாஸ்
கேட்டு வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது,
துணி காயப்போட ஹாரிஸ் தந்திருந்த
மாடிச் சாவியைக் கேட்டார்.
"செவ்வாய்க்கிழமை வர்றேன்,
அதுவரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

கொடுக்க
என்னிடமும் ஒன்று இருந்தது.