பக்கத்துக்கு நாற்பது ரூபாய்

அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்கு அடியில் என் மேசை.
இங்கிலீஷைத் தமிழாக்க
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
இல்லாத பொருளுக்கும் அதே ரேட்தான்.

இன்று அய்யந்துரை வந்தான்.
ஜவ்வரிசி மில்லில் கிழங்கு அரைக்கும் மெஷின்
அவன் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.
பெரியாஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதியிருந்தார்
ஃபேன்டம் பெயின் என்று.
நஷ்டஈட்டு ஆபீசர் கேட்டாராம்:
ஃபேன்டம்னா பேய்தானே?
பேய்க்கு வலிச்சா கம்பெனி எப்படிப்பா பணம் தரும்?

"தமிழ்ல எழுதிக் குடுங்கக்கா
அவருக்குப் புரியற மாதிரி."

பேனாவை மூடி வைத்தேன்.
இல்லாததைக்கூடத் தரம் பிரித்து வைத்திருக்கிறது அந்த மொழி,
லீ பஜாரில் மூட்டை பிரிப்பதுபோல.
ஃபிக்மென்ட் தனியாக எங்கும் போகாது,
கற்பனையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.
ஃபிக்டிஷியஸ் என்று ஒரு தாளில் வந்தால்
யாரோ மாட்டப்போகிறார்கள்:
செத்தவர் போட்ட கையெழுத்து,
பிறக்காதவர் வாங்கிய சர்க்கரை.
அப்புறம் அந்த யூனிகார்ன்.
குதிரைக்கொம்பு என்று நாம் கைகழுவியதை
அவர்கள் குதிரையின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டார்கள்.
இப்போது அது கோடிகோடியாய் விலைபோகும் கம்பெனிக்குப் பெயராம்,
பெங்களூரிலிருந்து என் தங்கை மகன் சொல்கிறான்.

போன வருஷம் ஏற்காட்டுப் பத்திரம் ஒன்று.
வெள்ளைக்காரன் காலத்து எழுத்து.
சில்வர் ஓக்கிலிருந்து ஓடைப் பாறைவரை
ஓர் இமேஜினரி லைன்.
கற்பனைக்கோடு என்று எழுதினேன், வேறென்ன எழுத?
அந்தக் கோட்டின்மேல் இப்போது முள்கம்பி.
தாண்டப் பார்த்த மாட்டுக்கு
கால் ஒடிந்தது நிஜமாகவே.
வெள்ளையன் வாய்தாவுக்கு வாய்தா
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறார்
இல்லாத கோட்டுக்காகக் கூண்டில் நிற்க.

"எங்கப்பா வலிக்குது?"

இடது கையால் காட்டினான்.
தழும்புக்கு இரண்டு அங்குலம் தள்ளி,
மேசைக்கு மேலே, வெறும் காற்றில்.
"இங்கதான்க்கா, நகக்கண்ணுல.
கிழங்கு மாவு ஏறின மாதிரி நமநமன்னு.
ராத்திரில மடக்கவும் முடியல."

அந்த இடத்தில் என் டீ கிளாஸ் இருந்தது.
நகர்த்தி வைத்தேன்.

மாயவலி என்று எழுதி அடித்தேன்.
பேய்வலி, அதையும் அடித்தேன்.
பொய் என்று தொடங்கிய ஒன்றை
முடிப்பதற்கு முன்பே அடித்தேன்.
பள்ளிக்கூடத்தில் இல்பொருள் உவமைக்கு
இரண்டு மதிப்பெண் வாங்கியவள் நான்.
இல்பொருளுக்கு நகம் உண்டு என்று
எந்த வகுப்பிலும் நடத்தவில்லை.

கடைசியில்
போன விரலில் இருக்கிற வலி
என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
எந்த அகராதியில் இருக்கிறது இது என்று
ஆபீசர் கேட்பார்.
கேட்கட்டும்.

இடது கையால் பணம் நீட்டக் கூசினான் அய்யந்துரை.
வலது கையை நீட்டினான்.
கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே
இரண்டு இருபது ரூபாய் நோட்டுகள்.
மேசையில் வைத்துவிடு என்று சொல்ல வாயெடுத்து
சொல்லவில்லை.
அவை ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து
வாங்கிக்கொண்டேன்.