நெஞ்சு என்று சொன்னேன்

ஐந்து ரூபாய் அகலம். அதற்கு மேல் இல்லை.
இடது பக்கம், உள்வளைவில்,
சிவந்து, லேசாகச் செதில் விட்டு.
குளியலறையில் ஜீரோ வாட் பல்பு.
தாடைக்கும் தோளுக்கும் நடுவே செல்லை இடுக்கி
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
அந்த வெளிச்சத்தில் எல்லாமே நோயாகத் தெரிந்தது,
சுவரும்கூட.

ஒன்பது சீசனாகத் தோல் பார்ப்பதுதான் பிழைப்பு.
பெல்ட்டில் பெங்களூரா உருண்டு வரும்.
கரும்புள்ளி, அழுகல், வண்டு துளைத்தது என்றால்
கை தானாக எடுத்து நீலக் கூடையில் போடும்.
காம்புப் பால் வழிந்து காய்ந்த கோடு மட்டும் என்றால்
"போகட்டும், உள்ள நல்லாத்தான் இருக்கும்" என்பார்
சூப்பர்வைசர் தேவராஜ்.
ஒரு காய்க்கு அரை நொடி.

எனக்குப் பதினெட்டு நாள்.
முதலில் தேங்காயெண்ணெய். பிறகு பையனின் வேர்க்குரு பவுடர்.
பிறகு மஞ்சளைக் குழைத்துப் பூசி,
மஞ்சளில் நிறமே தெரியாமல் போய்
இன்னும் பயந்தேன்.
செல்லில் அந்த நோயின் பேரைத் தட்டவேயில்லை.
"தோல் சிவப்பு" என்றுதான் கேட்டேன்.
அதுவாகவே பேரைக் கொண்டுவந்து வைத்தது, படத்தோடு.
ஆரஞ்சுத் தோல்போல் ஆகுமாம்.
வீட்டில் ஆரஞ்சு இல்லை.
ராத்திரி ஒன்பதரைக்கு ரவுண்டானாவுக்கு நடந்துபோய்
ஒரே ஒரு பழம் கேட்டேன்.
"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றான் கடைக்காரன்.
ஒத்துப் பார்த்து முடித்ததும்
பையன் அதை உரித்துத் தின்றுவிட்டான். புளிப்பாம்.

சென்னகேசவன் குப்புறப் படுத்துக் குறட்டை.
எழுப்பிச் சொல்லலாம். எந்தச் சொல்லால்?
பிள்ளைக்குக் கொடுத்தபோது அதற்கு ஒரு பேர் இருந்தது.
இவனுக்குப் பேர் தேவைப்பட்டதில்லை.
சீட்டு இன்னும் ஏழு தவணை.
தம்பி கல்யாணம் ஆவணியில்.
இவன் இன்னொருத்தியைக் கட்டினால், அவள்
பையனுக்கு முட்டையில் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுத் தருவாளா
என்கிற வரைக்கும் போய்விட்டேன்,
மூன்று மணிக்குள்.

அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்
"என்ன தொந்தரவு?" என்றார், கூட்டம் கேட்க.
நெஞ்சு என்று சொன்னேன்.
நெஞ்சு என்றே எழுதினார்.
முக்கால் மணி நேரம் ஈசிஜி வரிசையில் நின்றேன்,
மூச்சிரைக்கும் ஒரு லாரி டிரைவருக்குப் பின்னால்.
படுக்கச் சொன்னாள். ஒட்டினாள். காகிதம் ஓடியது.
"இதயம் நல்லாத்தான் இருக்கு.
இது என்னக்கா, இங்க மட்டும் மஞ்சள்?"
"அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. சீட்டில் அடித்து எழுதிவிட்டு
கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா அக்குள் வரை அழுத்திப் பார்த்தார்.
கட்டி இல்லை.
என்ன வேலை? மாங்கூழ் கம்பெனி.
"பர்ஸை எங்க வைப்பீங்க?"
எடுத்துக் காட்டினேன். ஜிப் வைத்த குட்டிப் பர்ஸ்.
அது கிடந்த இடத்தில்தான் அந்த ஐந்து ரூபாய்.
டீக்கு, பஸ்ஸுக்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை
மாம்பால் விரலோடு உள்ளே வைத்து வெளியே எடுத்திருப்பேன்.
"பால் பட்டு வெந்திருக்கு. களிம்பு தடவுங்க.
ரெண்டு வாரத்துல போகலேன்னா மறுபடி வாங்க."

வாசலில் கரும்புச் சாறு குடித்தேன், ஐஸ் போட்டு.
இரண்டாம் ஷிப்டுக்கு பஸ்.
சையத் பாஷா மலை வெயிலில் அப்படியே இருந்தது.
நிம்மதி திம்மாபுரம் வரைக்கும் கூட வந்தது.
அங்கே "போகலேன்னா" ஏறி
பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

பர்ஸ் இப்போது டிபன் பையில்.
ஆறாம் நாள் செதில் உதிர்ந்து இளஞ்சிவப்பு.
எட்டாம் நாள் தேட வேண்டியிருந்தது.
பெல்ட்டில் காய் வராத இடைவெளியில்
கை இன்னும் அங்கே போகிறது.
நேற்று பச்சியம்மா கேட்டாள்:
"என்னடி, பர்ஸைத் தொலைச்சிட்டியா?"
"இல்ல" என்றேன்.
"இருக்கான்னு பார்த்தேன்."