எரிய ஒன்று, உடைய ஒன்று

சாலிகிராமத்திலிருந்து ஆட்டோவில் வந்தது
எண்பத்தாறு மாடல் கலர் டிவி.
"ஒரே ஷாட் எரியணும் மேடம்,
அப்புறம் ஹீரோ கடப்பாரையால அடிப்பாரு"
என்றான் ஆர்ட் அசிஸ்டென்ட் இன்பராஜ்.

வளையலைக் கழற்றினேன். மோதிரம் வராது,
டேப் சுற்றினேன்.
பிடுங்கிய பிளக்கை மேசைமேல் வைத்தேன்,
ஆர்வத்தில் யாரும் சொருகிவிடாதபடி.
இடக்கை முதுகுக்குப் பின்னால்;
சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கச் சொன்னால்
டெய்லர் சிரிக்கிறார்.

ஸ்க்ரூடிரைவர் தண்டில் ஒயர்,
மறுமுனை குழாயைச் சுற்றிய செப்புப் பின்னலில்.
ரப்பர் தொப்பிக்கடியில் மெல்ல நுழைத்தேன்.
டப்!
நேற்று கோடவுனில் போட்டுப் பார்த்தார்களாம்.
இன்பராஜ் சட்டையெல்லாம் டீ.
பத்து நிமிடம் விட்டு மறுபடி தொட்டேன்.
இன்னொரு டப், சின்னதாக,
சண்டை முடிந்த பிறகு வரும் ஒரு வார்த்தைபோல.

உப்பிய கண்டென்சர் இரண்டு,
விரிசல் விட்ட ஈயப்பற்று ஒன்று.
மதியத்துக்குள் நீலம் வந்தது, பச்சை வந்தது,
சிவப்புதான் பிகு பண்ணியது.

"குழாய்க்குள்ள காத்தே இல்ல தம்பி.
இப்படியே அடிச்சா கண்ணாடி மொதல்ல உள்ள போகும்,
அப்புறம் உங்க ஹீரோ மூஞ்சிக்கு.
காத்தை விட்டுட்டா அடிக்கலாம், ஆனா எரியாது.
எது வேணும்?"
போன் போட்டான். டைரக்டர் குரல் எனக்கே கேட்டது:
"ரெண்டும்."

பில்லில் இரண்டு பெட்டி எழுதினேன்.

ராத்திரி, பரணில் கிடந்த இன்னொன்றை இறக்கி,
டப் வாங்கி, கண்ணாடி மாட்டி,
கழுத்தின் நுனியைத் துணி போர்த்தி
பிளையரால் கிள்ளினேன்.
ஸ்ஸ்ஸ்...
ரிச்சி தெருவின் கொத்து பரோட்டாக் காற்றை
நெடுநேரம் இழுத்தது,
அதன் முதல் மூச்சு.