ஐப்பசிச் சரக்கு

லூதியானா மூட்டை காட்பாடியில் இறங்கி மூன்று நாள்.
கன்னியப்பன் இன்றைக்குத்தான் சுமந்து வந்தான்,
சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்க.
"ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
அந்த வரிசையில சேத்துக்க அக்கா,
குளிர் இல்லாத ஊர்ல கம்பளிக் கடை."
இருபது ரூபாய் கூடவே கொடுத்தேன்,
சொன்னதற்கு இல்லை, படி ஏறியதற்கு.

பிரித்தேன்.
பருத்தி கலந்த மெரினோ, கழுத்தில் அரிக்காதாம்.
ஒரே உருண்டைக்குள் நாலு நிறம் மாறும் நூல்.
கடுகு மஞ்சள். ஈரச் செங்கல்.
பதனிட்டு முடித்த ஆட்டுத்தோல் நிறத்தில் ஒன்று,
வாணியம்பாடியில் பிறந்த எனக்கு மூக்கு தானாகச் சுளித்தது;
கம்பெனிக்காரன் அதற்கு வைத்த பெயர் இலையுதிர்காலம்.
எங்கள் தெருவில் உதிர்வது ஒரே வேம்பு,
அதுவும் மாசியில்.
மூங்கில் ஊசி, நடுவே வயர் வைத்த வட்ட ஊசி,
கண்ணி எண்ண பிளாஸ்டிக் வளையம், டப்பாவுக்கு ஐம்பது,
கேபிள், தேன்கூடு, மீன்முள் என்று
எட்டுப் பக்க மாதிரிப் புத்தகம்.

யார் வாங்குவார்கள் என்று கேட்பவன்
பாபு ராவ் தெருவில் நின்று
லாட்ஜ் மாடிகளை நிமிர்ந்து பார்த்ததில்லை.
ரிப்போர்ட் வரும்வரை,
உள்ளே போனவர் வெளியே வரும்வரை,
கைக்கு ஏதாவது வேண்டும்.

ஷெஃபாலி அன்றைக்கே வந்தாள்.
ஜல்பாய்குரி. பெயருக்கு எங்கள் பக்கத்தில் பவழமல்லி.
என் உருதும் அவள் இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
ஈரச் செங்கல் எட்டு உருண்டை, தேன்கூடு மாதிரி.
புருஷன் மார்பைக் காற்றில் சாண் போட்டே அளந்தாள்,
மூன்றரை. பிறகு யோசித்து, மூன்று.

தினமும் என் ஃபேனுக்கு அடியில் ஸ்டூல் போட்டு
முதுகு முடித்தாள். முன்பக்கம் முடித்தாள்.
இடது கை முடித்தாள்.
தீபாவளிக்கு முந்தின வாரம் மழை;
நனைந்தபடி வந்தாள், உட்காரவில்லை.
புத்தகத்தை கவுண்டரில் விரித்து
எட்டுப் பக்கமும் புரட்டினாள்.
"வலது கை," என்றாள்,
உள்ளங்கையைத் தன் தோளில்
கத்தி மாதிரி வைத்துக் காட்டினாள்.
"நேற்று."

மாதிரியில் அது இல்லை.

மடித்து ஊக்குப் போட்டால்? குத்தும்.
உள்ளே தைத்துவிட்டால்? பொட்டலம் மாதிரி இருக்கும்.
கை பின்னாதே, என்றேன்,
தோள் வளைவிலேயே கண்ணி எடு, சுருக்கிக்கொண்டே வா.
எத்தனை எடுப்பது?
டேப்பை என் தோளில் சுற்றினாள், புர்காவுக்கு மேலேயே.
நாற்பத்தெட்டு.
ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வளையம்,
ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் வளையத்துக்கு ஒன்று குறை.
மூன்றாம் வரிசையில் கரண்ட் போனது.
கன்னியப்பன் செல்போன் டார்ச்சைப் பிடித்தான்.
அவள் வங்காளத்தில் எண்ணினாள், நான் உருதில்,
எங்கள் இரண்டு பேரையும் நம்பாமல் அவன் தமிழில்.
முப்பத்தாறு வரவேண்டிய இடத்தில்
ஒருவருக்கு முப்பத்தைந்து, ஒருவருக்கு முப்பத்தேழு.
பிரித்தோம். திரும்ப எடுத்தோம்.
கடைசி ஆறு கண்ணியில் நூலைக் கோத்து இழுத்தபோது
வாய் மூடிக்கொண்டது.
வெளியே ஆட்டோக்காரன் தண்ணீரை வாரி அடித்துப் போனான்.

மிச்சம் இரண்டு உருண்டை.
பிரித்த நூல் திரும்ப எடுக்கப்படமாட்டாது
என்று சுவரில் இருக்கிறது, என் கையெழுத்துத்தான்.
ஒன்றில் லேபிள் கிழியவில்லை, எடுத்துக்கொண்டேன்.
ஒன்றில் கிழிந்திருந்தது. அதையும்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்ட கணக்கை
அவள் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
அடியில் இருந்த தாளில் பேனா அழுத்திய தடம் மட்டும்:
48 எடு. வளையம் ஆறு.
சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.
அதில் இன்னும் யாருக்கும் பில் போடவில்லை.
லூதியானாவுக்கு எழுத வேண்டும்,
வளையம் இன்னும் பத்து டப்பா.