அடைப்புக்குறிக்குள்

லோரோங் கூலிட் ஞாயிற்றுச் சந்தையில்
முப்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கினேன்.
பாதி கட்டிய டியூனர்,
பிஸ்கட் டின்னில் மிச்ச உதிரிகள்,
நனைந்து காய்ந்து உப்பிய கையேடு.
ஓடாது என்றார் கடைக்காரர் சியா.
ஓடியதே இல்லை, அதைப் பார்த்தாலே தெரிந்தது.
சுவருக்குப் போகும் வயர்
இன்னும் தொழிற்சாலைச் சுருளாகவே கிடந்தது.

கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் முன்னால்
ஓர் அடைப்புக்குறி, நடுவில் காலி.
செய்து முடித்தால் அதில் ஒரு டிக்.
பென்சிலால் போட்டுக்கொண்டே போயிருக்கிறான்
(அவன் என்றே வைத்துக்கொள்கிறேன்)
எண்பத்தேழு வரை.

பாயான் லெப்பாஸில் பதினோரு வருடமாக
உருப்பெருக்கியின் கீழ்
அடுத்தவர் வைத்த ஈயத்தைப் பார்க்கிறவள் நான்.
இப்போதெல்லாம் ஈயமே இல்லாத ஈயம்.
குழிந்து படர்ந்தால் சரி.
உருண்டு நின்றால் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்புவேன்.
ஆகவே அவன் கையைப் படிப்பது
எனக்குச் சிரமமில்லை.

முதல் பக்கம் முழுக்கப் பயம்.
ஒவ்வோர் இணைப்பிலும் கொழுக்கட்டை அளவு ஈயம்.
பதினான்கில் அவசரம், வயரின் தோல் கருகியிருக்கிறது.
முப்பத்தொன்றின் ஓரத்தில்
‘ஹூஜான்’ என்று ஒரே ஒரு சொல்.
யாரென்று அதை வைத்துச் சொல்ல முடியாது,
இந்தத் தீவில் யார் வீட்டிலும் அப்படித்தான் பெய்கிறது.
நாற்பதைத் தாண்டியதும்
கை திடீரென்று நிதானப்படுகிறது.
சின்னச் சின்ன மலைச்சரிவுகள்போல் ஈயம்.
எங்கள் லைனில் உட்கார வைக்கலாம்.

ஐம்பத்தொன்பதில் டிக் இருக்கிறது.
மின்தடை இல்லை.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்:
டின்னின் அடியில் கால் வெட்டாமல் கிடந்தது.

செய்யாததற்குப் போட்ட டிக்.
இதற்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு எங்களிடம்.
நான் எழுதியிருக்கிறேன்,
சாந்தகுமாரிக்கு,
அவள் மகன் டெங்கியில் கிடந்த வாரம்.
படிவத்தில் காரணம் எழுத ஒரே ஒரு வரிதான் இடம்.
அதில் மகன் கொள்ளவில்லை.

மின்தடையை அதன் இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன்.
பிசின் புகை கண்ணில் ஏறியது.
அவன் டிக்கை அழிக்கவில்லை,
இப்போது அது உண்மைதானே.

எண்பத்தெட்டு: முள்ளுக்கு நூல் கட்டுதல்.
பெரிய சக்கரத்தில் இரண்டரைச் சுற்று,
சின்ன உருளையில் ஒன்று, பின்புறமாக,
ஸ்பிரிங்கில் முடிச்சு.
படத்தில் நூல் ஒழுங்காக நிற்கிறது.
என் கையில் ஒன்பது முறை நழுவியது.
தூண்டில் நரம்பு வாங்கிவந்து பார்த்தேன், அதுவும்.
நள்ளிரவில்தான் புரிந்தது:
சுற்ற ஒரு கை, இழுக்க ஒரு கை,
சுற்றியதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை.
இரண்டு கைக்காரன் ஒருவனிடம்
மூன்றாவதைக் கேட்கிறது கையேடு,
கேட்கிறோம் என்று சொல்லாமலே.

ரேலாவ் முனையில் நாசி லெமாக் விற்கிறாள் இப்போது.
இரண்டு வருடமாக
எதிர்ச்சாரியிலேயே நடந்து போயிருக்கிறேன்.
போனில் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.
ஒரு விரல் வேண்டும் என்றேன் போலிருக்கிறது.

பத்தரைக்குக் கடையை மூடிவிட்டு வந்தாள்.
சம்பல் வாசனை விரலைக்
குழாயில் இருமுறை கழுவினாள்.
“இதா?” என்றாள். சக்கரத்தின் மேல் வைத்தாள்.
அதற்குப் பிறகு பேச்சு
“எடுக்கலாமா”,
“இன்னும் இல்லை”,
“எடுக்கலாமா”,
“கொஞ்சம் பொறு”,
இவ்வளவுதான்.

முடிச்சு விழுந்தது.
மின்சாரம் இன்னும் கொடுக்கவில்லை.
குமிழைத் திருகினாள் சாந்தகுமாரி.
எண்பத்தெட்டிலிருந்து நூற்றெட்டு வரை
ஒன்றும் பேசாத எண்களின் மேல்
முள் போனது, வந்தது.
மறுபடி போகவிட்டாள்.

பென்சிலை அவள் பக்கம் நீட்டினேன்.
“நீயே போட்டுக்கோ,” என்றாள்,
முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.